சொந்தக் கொழுப்புதான், ஆனாலும் கட்டி வரும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்வதைப் பற்றி யாரும் வாய்திறந்து பேச மாட்டார்கள், ஆனால் டிக்டாக்கில் அந்த விளம்பரத்தைப் பார்க்காத பெண்ணும் இருக்க மாட்டாள். இடுப்பிலும் தொடையிலும் இருக்கிற வேண்டாத கொழுப்பை உறிஞ்சி எடுத்து மார்பில் ஏற்றுவது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். சிலிக்கான் கிடையாது, பெரிய தழும்பு கிடையாது, உங்கள் சொந்தக் கொழுப்புதானே, உடம்பு ஏற்றுக்கொள்ளும், பக்க விளைவுக்கே வழியில்லை என்று முடிப்பார்கள். கோலாலம்பூரில் செய்தால் இத்தனை ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்), தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போய்ச் செய்தால் அதைவிடக் குறைவு, வேனும் ஹோட்டலும் சேர்த்து.

நான் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் அறையில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தவள். சுங்கை சிப்புட், சலாக், கோலக்கங்சார் பக்கமிருந்து வரும் நம் பெண்களுக்குப் பேச்சுத்துணையும் நான்தான். அதனால் இந்த 'சொந்தக் கொழுப்பு' கதையின் மறுபக்கத்தை, அதாவது ஆறு மாதமோ ரெண்டு வருஷமோ கழித்து மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டு, முகம் வெளுத்துப்போய் வந்து உட்கார்கிற நாளை, நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொந்தக் கொழுப்பு என்பதால் உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்காது, அது உண்மை. இம்ப்ளான்ட் என்கிற சிலிக்கான் பை வைத்தவர்களுக்கு வருகிற மாதிரி அதைச் சுற்றிச் சவ்வு இறுகிப் போவதும் இல்லை, உள்ளே எதுவும் வெடிக்கப் போவதும் இல்லை. ஆனால் எதிர்க்காது என்பது வேறு, பிழைக்கும் என்பது வேறு. உறிஞ்சி எடுத்த அந்த நிமிடமே கொழுப்புக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிட்டது. புது இடத்தில் ரத்தம் கிடைத்தால் வாழும், கிடைக்காவிட்டால் அங்கேயே சாகும். இந்தச் சிகிச்சையில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை, அந்தச் செத்த கொழுப்பு என்ன ஆகிறது என்பதில்தான் ஆரம்பிக்கின்றன.

எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். முதலில் வயிற்றிலோ தொடையிலோ உப்புநீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து ஊசியால் நிரப்புவார்கள், அந்த இடமே விறைத்து உப்பிவிடும். அப்புறம் சின்னத் துளை போட்டு, கேனுலா என்கிற நுனி மழுங்கிய குழாயை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்து இழுத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். அந்த சிரிஞ்சை நிமிர்த்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே உடைந்துபோன செல்களிலிருந்து கசிந்த எண்ணெய், நடுவில் வேண்டிய மஞ்சள் கொழுப்பு, அடியில் ரத்தமும் மருந்து நீரும். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கழித்துவிட்டு நடு அடுக்கை மட்டும் எடுப்பதற்குச் சிலர் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவார்கள், சிலர் கழுவி வடிகட்டுவார்கள். இந்த முறையை 1990களில் ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் நியூயார்க் மருத்துவர் சிட்னி கோல்மன். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாக, பல அடுக்குகளில், பல திசைகளில், குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டே மெல்லிய இழையாக விட வேண்டும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? கொழுப்புச் செல் ரத்தம் இல்லாமல் ஒரு நாள் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். புது ரத்தக் குழாய் முளைத்து வரச் சில நாள் ஆகும். அதுவரைக்கும் சுற்றியிருக்கிற திசுவிலிருந்து கசிகிற ஆக்ஸிஜன்தான் சோறு, அதுவும் ஓரிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போய்ச் சேராது. ஜப்பானில் கோதாரோ யோஷிமுராவின் குழு செய்த ஆராய்ச்சியில், வைத்த கொழுப்புத் துணுக்கு மூன்று பகுதியாகப் பிரிவதைக் காட்டினார்கள். வெளி விளிம்பு அப்படியே பிழைக்கிறது. அதற்கு அடுத்த வளையத்தில் கொழுப்புச் செல்கள் செத்தாலும் ஸ்டெம் செல்கள் என்கிற மூலச் செல்கள் தாக்குப்பிடித்துப் புதுக் கொழுப்பை உண்டாக்குகின்றன. நடுப்பகுதி முழுசாகச் செத்துப்போகிறது. துணுக்கு பெரிதாக இருந்தால் நடுப்பகுதியும் பெரிது, அவ்வளவுதான் கணக்கு. ஒரே குழியில் பத்துச் செம்பனைக் கன்றை நெருக்கி நட்டுவிட்டு ஏன் காய்ந்தது என்று கேட்கிற கதைதான், அவசரமாக ஒரே இடத்தில் மொத்தமாகக் கொழுப்பை ஏற்றுவதும்.

நல்ல கையில் செய்தாலும் வைத்ததில் பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே நின்றால் சந்தோஷப்பட வேண்டியதுதான், அதுவும் ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். முதல் மாதம் கண்ணாடியில் பார்க்கும் அளவில் வீக்கமும் சேர்ந்திருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் வற்றி நிற்கிறதே அதுதான் நிஜ அளவு. பொதுவாக பிராவில் ஒரு கப் அளவு கூடலாம். ஒரே தடவையில் இரண்டு மூன்று கப் என்று விளம்பரம் சொன்னால், இடம் கொள்ளாத அளவுக்குத் திணிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். திணிக்கத் திணிக்க உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற ரத்த ஓட்டமும் நசுங்கி, இன்னும் அதிகக் கொழுப்பு சாகும். இன்னொன்று: ஒரு பக்கம் அதிகமாகக் கரைந்து இன்னொரு பக்கம் நின்றுவிட்டால் இரண்டும் ஒரே அளவில் இருக்காது, திரும்பவும் காசு கட்டி ஏற்ற வேண்டிவரும். வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு மார்புக்குப் போனாலும் வயிற்றுக் குணத்தை விடாது, எடை கூடினால் அதுவும் ஊதும், இளைத்தால் அதுவும் வற்றும்.

சரி, செத்த கொழுப்புக்கு என்ன ஆகிறது? கொஞ்சமாக இருந்தால் உடம்பே துடைத்துச் சாப்பிட்டுவிடும், ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் இருந்தால் செல்கள் உடைந்து எண்ணெயாகி, அதைச் சுற்றி மெல்லிய சவ்வு கட்டிக்கொள்ளும். இதுதான் எண்ணெய்க் கட்டி. பட்டாணி அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும். வலி கொடுத்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போட்டு உறிஞ்சுவார்கள். அப்போது சிரிஞ்சுக்குள் ஏறுவது சீழ் இல்லை, ரத்தம் இல்லை, தெளிவான மஞ்சள் எண்ணெய். பக்கத்தில் படுத்திருக்கிறவள் தலையைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டு, "இதுவா மிஸ்ஸி என் உடம்புக்குள்ள இருந்துச்சு?" என்று கேட்காத நாள் குறைவு. சில இடத்தில் எண்ணெயாகத் தேங்காமல் கெட்டியான முண்டாக இறுகிப் போகும், தோல்கூட உள்ளே இழுத்துக் குழி விழும். மாதங்கள், வருஷங்கள் போனபிறகு சவ்வின் மேல் கால்சியம் படிய ஆரம்பிக்கும்.

இவற்றில் எதுவும் உயிருக்கு ஆபத்து இல்லை. சிக்கல் என்னவென்றால், கெட்டியான முண்டு, உள்வாங்கிய தோல், கால்சியப் புள்ளி இந்த மூன்றையும்தான் நாங்கள் மார்பகப் புற்றுநோயிலும் தேடுகிறோம்.

இந்தப் பயம் புதுசு இல்லை. கொழுப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது 1893-லேயே ஜெர்மனியில் நடந்திருக்கிறது, லிப்போசக்‌ஷன் என்கிற கொழுப்பு உறிஞ்சும் முறை வந்த பிறகு 1980களில் மார்புக்கு ஏற்றுவதும் சூடுபிடித்தது. 1987-ல் அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம், இப்படி ஏற்றினால் வருகிற கால்சியப் படிவு புற்றுநோயை மறைத்துவிடும் என்று சொல்லி, இதைச் செய்யவே கூடாது என்று அறிக்கை விட்டது. ஏறக்குறைய இருபது வருஷம் இந்தத் துறையே அடங்கிக் கிடந்தது. மார்பைச் சிறிதாக்கும் அறுவையிலும் இதே மாதிரி கால்சியம் படிகிறதே, அதை மட்டும் ஏன் யாரும் தடுக்கவில்லை என்று எதிர்வாதம் வந்தது, அது நியாயமான கேள்விதான். மேமோகிராமும் ஸ்கேனும் எம்ஆர்ஐயும் முன்னேறின. அதே சங்கத்தார் 2007-ல் ஒரு குழு அமைத்து, 2009-ல் வெளியிட்ட அறிக்கையில், செய்யலாம், ஆனால் பலன் செய்பவரின் கையைப் பொறுத்தது, புற்றுநோய் வர அதிக வாய்ப்புள்ள பெண்களிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்த பெண் இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

கைதேர்ந்த ரேடியாலஜி மருத்துவருக்கு எண்ணெய்க் கட்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மேமோகிராமில் உள்ளே கறுப்பாக, ஓரம் மட்டும் முட்டை ஓடு மாதிரி வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்கு பைராட்ஸ் 2 என்று எழுதிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பைராட்ஸ் என்பது 0-லிருந்து 6 வரை போகிற தர எண். 2 என்றால் கெடுதல் இல்லை, 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம், 4 என்றால் ஊசி போட்டுச் சதை எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டும். ஆனால் எல்லாச் செத்த கொழுப்பும் இப்படிச் சமர்த்தாகத் தெரியாது. ஓரம் முள்முள்ளாக இழுத்துக்கொண்டு, நடுவில் பொடிப்பொடியாகக் கால்சியம் கூடிக் கிடந்தால், அது கொழுப்பா புற்றா என்று படத்தை வைத்து மட்டும் யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அப்போது படத்தோடு சேர்த்து மருத்துவர் பார்ப்பது நோயாளியின் ஃபாரத்தை. இதற்கு முன் மார்பில் ஏதாவது சிகிச்சை செய்தீர்களா?

அங்கேதான் நம் ஊர்ப் பெண் 'இல்லை' என்று எழுதுகிறாள்.

எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் தையல் கடை வைத்திருக்கிற ஒரு தங்கச்சி, நாற்பதைத் தாண்டியவள், ஹட்யாய்க்குப் போய் இதைச் செய்துகொண்டு வந்தாள். வீட்டில் சொன்னது, கூட்டாளிகளோடு துணி வாங்கப் போகிறேன் என்று. ரெண்டு வருஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் அக்குளுக்குப் பக்கத்தில் ஒரு முண்டு. கவர்மெண்ட் கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து அனுப்பி, மேமோகிராம் எடுத்தார்கள். ஃபாரத்தில் 'இல்லை' என்று போட்டாள். பைராட்ஸ் 4 வந்தது. பயாப்ஸிக்குத் தேதி கிடைத்து, முடிவு வருகிறவரைக்கும் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையையெல்லாம் மகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் வந்தது செத்த கொழுப்பு. ஏண்டி சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "கவுண்டர்ல உட்கார்ந்திருந்தது எங்க தாமான் பொண்ணு மிஸ்ஸி. எழுதிக் கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வரைக்கும் போயிடும்."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தோட்டம் மூடி, லயத்து வீடுகள் போய், ஆட்கள் தாமானுக்குக் குடிவந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் யார் வீட்டில் என்ன கறி என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிகிற பழக்கம் மட்டும் லயத்திலிருந்து கூடவே வந்துவிட்டது. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்வது குற்றம் என்று நான் எவ்வளவு சொன்னாலும், அவள் பயம் சட்டத்தைப் பற்றியது இல்லையே.

சொன்னாலும் பயாப்ஸி செய்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கே ஏற்றினார்கள், எப்போது, எவ்வளவு என்று தெரிந்திருந்தால் எம்ஆர்ஐயில் கொழுப்பை அடக்கிக் காட்டும் படத்தையும் சேர்த்துப் பார்த்துப் பல பேருக்கு ஊசி இல்லாமலேயே முடித்துவிட முடியும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் பயம். கட்டி வரும், பயப்படாதே, கொழுப்புதான் என்று கிளினிக்கில் முதலிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில், நிஜமாகவே புற்றாக இருக்கிற ஒரு கட்டியை வருஷக்கணக்கில் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு இருக்கிற பெண்ணும் உண்டு. மலேசியப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். அதனால் செத்த கொழுப்பு என்பதை மருத்துவர் படம் எடுத்துச் சொல்ல வேண்டும், செய்தவரோ பக்கத்து வீட்டு அக்காவோ தடவிப் பார்த்துச் சொல்லக்கூடாது. ஏற்றின கொழுப்பே புற்றுநோயை உண்டாக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். புற்றுநோய்க்கு மார்பை எடுத்துவிட்டுக் கொழுப்பால் வடிவம் கொடுத்த பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் நோய் திரும்புவது கூடவில்லை. சோதனைக்கூடத்தில் கொழுப்பின் ஸ்டெம் செல்கள் புற்றுச் செல்லை ஊக்குவிப்பதாகக் காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. அதனால்தான் குடும்பத்தில் நோய் இருந்தால் கவனம் என்கிறார்கள்.

மற்றக் கோளாறுகளைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் கட்டுவது, வீக்கம், கொழுப்பு எடுத்த இடத்தில் தோல் மேடுபள்ளமாகத் தெரிவது, மரத்துப்போவது எல்லாம் சகஜம். குழாய் ஆழமாகப் போய் நுரையீரல் உறையைக் குத்திவிடுவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. மரப்பு மருந்துக்கும் கணக்கு உண்டு, இந்த மாதிரி கரைத்துக் கொடுக்கும்போது ஒரு கிலோ எடைக்கு 35 மில்லிகிராம் என்பது பரவலாகப் பின்பற்றுகிற எல்லை. அறுபது கிலோ பெண்ணுக்கு 2,100 மில்லிகிராம். வயிறு, தொடை, கை என்று பேக்கேஜாக எல்லா இடத்திலும் உறிஞ்சும்போது அந்த எல்லையை யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும், தாண்டினால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். கூடவே புட்டத்துக்கும் ஏற்றுகிறோம் என்று சலுகை கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே கொழுப்பு பெரிய ரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரலை அடைத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள், 2018-ல் உலகளவில் பிளாஸ்டிக் அறுவை அமைப்புகள் சேர்ந்து எச்சரித்தபோது 3,000 பேரில் ஒருவர் வரை என்று கணக்குச் சொன்னார்கள்.

தொற்றைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேனில் போய் வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. சாதாரணக் கிருமி என்றால் ஒரு வாரத்தில் சிவந்து, சுட்டு, காய்ச்சல் வரும், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கும். ஆனால் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான ஒரு வகை மைக்கோபாக்டீரியா தண்ணீரில், சரியாகச் சுத்தம் செய்யாத கருவியில் இருக்கும். அது உள்ளே போனால் பல வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். சின்னச் சின்ன முடிச்சு, வடிந்துகொண்டே இருக்கிற புண். வழக்கமான மருந்து எதற்கும் கேட்காது, சரியான மருந்தைக் கண்டுபிடித்தாலும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். இதுவும் சொன்னால்தான் தெரியும். எங்கே செய்தாய் என்று சொல்லாத பெண்ணுக்கு, சீழை எடுத்து அந்தக் கிருமிக்கென்று தனியாகப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவருக்கு எப்படித் தோன்றும்? அப்புறம், கொழுப்பு உறிஞ்சிய உடம்போடு மறுநாளே வேனில் மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தால் காலில் ரத்தம் உறையும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ வீட்டில் படுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், நேராக எமர்ஜென்சிதான்.

ஏற்றினது நிஜமாகவே கொழுப்புதானா என்பதும் ஒரு கேள்வி. உடம்பிலிருந்து எதையும் எடுக்காமல் 'கொழுப்பு ஊசி' போட்டுவிட்டேன் என்றால் அது கொழுப்பே இல்லை, ஏதோ ஒரு ஜெல். மார்பில் ஏற்றிக்கொண்டிருந்த பாலிஅக்ரிலமைட் ஜெல்லை, அது நகர்ந்து, சீழ் பிடித்து, முழுசாக எடுக்கவும் முடியாமல் போனதால் 2006-லேயே சீனா தடை செய்துவிட்டது. மலேசியாவில் இந்த மாதிரி வேலையைப் பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், இடமும் 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். அழகு நிலையத்தின் மாடி அறை அந்தக் கணக்கில் வராது. கோலாலம்பூர் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளப் போன 23 வயதுப் பெண் இறந்துபோனார். பிளாஸ்டிக் சர்ஜன் என்று சொல்லிக்கொள்கிறவரின் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம், அதற்குக் காசும் இல்லை, யாரிடமும் கேட்கவும் வேண்டாம்.

செய்வதும் செய்யாததும் அவரவர் விருப்பம், உடம்பு அவளுடையது. செய்யத்தான் போகிறாள் என்றால், முன்னாடியே வயதுக்குத் தக்கபடி ஒரு ஸ்கேனோ மேமோகிராமோ எடுத்து அந்தப் படத்தை வைத்துக்கொள்ளட்டும், பின்னால் வருகிற படத்தை எதோடு ஒப்பிடுவது? செய்தவரிடம் எழுதி வாங்கட்டும்: தேதி, எந்தப் பக்கம் எத்தனை மில்லி, தோலுக்கு அடியிலா தசைக்கு உள்ளேயா. தாய்லாந்து மொழியில் கொடுத்தாலும் பரவாயில்லை, தேதியும் எண்ணும் எல்லாருக்கும் புரியும்.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் கவுண்டரில் சொல்ல வேண்டாம். ஃபாரத்தில் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு, படம் எடுக்கிற அறைக்குள் போய்க் கதவு சாத்திய பிறகு, எக்ஸ்ரே எடுப்பவரிடமோ மருத்துவரிடமோ சொன்னால் போதும். தமிழ் தெரியாதவராக இருந்தால் மலாயில், 'சாயா பெர்னா சுந்திக் லெமாக் செண்டிரி டி பாயுடாரா' என்று சொல்லி, கையிலிருக்கிற தாளைக் காட்டுங்கள். அவர் அதைப் பரிசோதனைக் குறிப்பில் ஒரு வரியாக எழுதிக்கொள்வார், படத்தைப் படிக்கிற மருத்துவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.